அடைபட்ட செவியும் செவிசாய்க்கும் உள்ளமும்





நோய்களுள் சில பிறர் கண்ணில் படும்; சில படுவதில்லை. காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். கால் முறிந்தால் கட்டைப் பார்த்து நலம் விசாரிப்பார்கள். காது அடைத்துக்கொண்டவருக்கு இந்த ஆறுதல் எதுவும் கிடைப்பதில்லை. அவருடைய முகத்தில் நோயின் அடையாளம் இராது. கூப்பிட்டால் திரும்பமாட்டார், கேட்ட கேள்விக்கு வேறு ஏதோ பதில் சொல்வார், ஸலாம் சொன்னால் பேசாமல் கடந்து போவார். பார்ப்பவர்கள் அதை நோய் என்று எண்ணமாட்டார்கள், குணம் என்றே எண்ணுவார்கள். ஏறத்தாழ ஏழாண்டுகள் இந்த நிலையில் வாழ்ந்தவன் என்ற முறையில், அதைப் பற்றியும், அல்லாஹ்வின் அருளால் கிடைத்த நிவாரணத்தைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

நான் கள்ளக்குறிச்சியில் வசிக்கிறேன். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியனாகப் பணிபுரிகிறேன். காலையில் பேருந்து ஏறினால் கச்சிராயபாளையம் வரை சமவெளி. இருபுறமும் கரும்பும் நெல்லும். கோமுகி அணைப் பக்கம் கடந்ததும் மலைப்பாதை தொடங்கும். மேலே மரவள்ளித் தோட்டங்களும் சாமை, தினை விளையும் சரிவுகளும் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். மாலையில் அதே பாதையில் இறக்கம். வாரத்தில் ஐந்து நாள் ஏறி இறங்கும் வாழ்க்கை இது.

ஏற்றம் எளிது, இறக்கம் கடினம்

மலையேறும்போது காது அடைப்பதும், எச்சில் விழுங்கினால் சட்டென்று திறந்துகொள்வதும் எல்லோரும் அறிந்ததே. எனக்கு அது திறந்துகொள்ளவில்லை. அடைப்பு முதலில் ஒரு மணி நேரம் நீடித்தது. பிறகு இரவு வரை. பிறகு மறுநாள் வரை. சில மாதங்களில் விடுமுறை நாள்களிலும் விலகாமல் உடனிருக்கத் தொடங்கியது. இரண்டு காதுகளிலும் பஞ்சு வைத்து அடைத்தாற்போல் இருக்கும். என் குரல் என் தலைக்குள்ளேயே முழங்கும். பிறர் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் மங்கி ஒலிக்கும்.

காதைப் படைத்தவனின் நுட்பத்தை நான் உணர்ந்தது, அது பழுதுபட்ட பின்னர்தான். செவிப்பறைக்கு உட்புறம் நடுச்செவி என்னும் சிறு காற்றறை உள்ளது. அந்த அறையிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குறுகிய குழல் செல்கிறது. வளர்ந்தவர்களுக்கு அதன் நீளம் ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய உடற்கூற்றியல் அறிஞர் பார்த்தலோமியோ யூஸ்டேக்கியின் பெயரால் அதை யூஸ்டேஷியன் குழல் என்பார்கள். பெரும்பாலான நேரம் அது மூடியே இருக்கும். நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்தின் தசைகள் அதை ஒரு நொடி இழுத்துத் திறக்கின்றன. அந்த ஒரு நொடியில் வெளிக்காற்றின் அழுத்தமும் உள்காற்றின் அழுத்தமும் சமமாகிவிடும். நாள் முழுவதும், உறக்கத்திலும்கூட, நாம் அறியாமலே இது நடந்துகொண்டிருக்கிறது.

கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரத்துக்குச் சென்றால் காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. மலையேறும்போது நடுச்செவியில் உள்ள காற்று விரிந்து, குழலைத் தானே தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போது நிலைமை வேறு. வெளியே அழுத்தம் கூடிக்கொண்டே போகும். உள்ளே காற்றுப் போதாது. காற்று உள்ளே வர வேண்டுமானால் தசைகள் குழலைத் திறந்தே ஆக வேண்டும். மூக்கின் பின்புறம் வீங்கியிருந்தால் குழல் திறக்காது. செவிப்பறை உட்புறமாக இழுபட்டு நிற்கும். கால் நோக ஏறியவருக்கு இறக்கம் எளிது என்பதுதான் உலக வழக்கு. காதுக்கு அது தலைகீழ். என் அடைப்பு எப்போதும் மாலையில் மிகுந்ததற்கும், ஊர் வந்து சேரும்போது மஃக்ரிப் பாங்கு மங்கலாகவே காதில் விழுந்ததற்கும் இதுவே காரணம்.

வீட்டிலும் பள்ளிவாசலிலும்

காது அடைப்பதால் உயிருக்கு ஆபத்தில்லை என்பார்கள். அதனால் உறவுகளுக்கு வரும் ஆபத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

சமையலறையிலிருந்து என் மனைவி கூப்பிடுவார். எனக்குக் கேட்காது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டு நேரில் வந்து நிற்பார். "என்னங்க, என் மேல ஏதாவது கோபமா?" என்று ஒருநாள் கேட்டார். கோபமே இல்லாதவனிடம் கோபத்தின் காரணம் கேட்டால் என்ன சொல்வது? நான் சத்தமாகப் பதில் சொன்னேன். என் குரலின் அளவு எனக்கே தெரியாத காலம் அது. அந்தச் சத்தத்தைக் கேட்டவருக்குக் கோபம் உறுதியாகிவிட்டது.

என் மகள் அப்போது மக்தபில் குர்ஆன் ஓதத் தொடங்கியிருந்தாள். இஷாவுக்கு முன் அன்றைய பாடத்தை என்னிடம் ஓதிக் காட்டுவாள். ஸீனுக்கும் ஸாதுக்கும் உள்ள வேறுபாட்டை என் காது பிரித்தறியவில்லை. அடைப்பு இருக்கும்போது மெல்லொலிகளும் உரசொலிகளும்தான் முதலில் நழுவிப் போகின்றன. நான் தலையசைத்துக்கொண்டே இருப்பேன். ஒரு மாலை அவள் வேண்டுமென்றே ஒரு வசனத்தை விட்டுவிட்டு ஓதியிருக்கிறாள். நான் தலையசைத்தேன். "அத்தா, நீங்க கேக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டு, ரைஹாலை மடித்து எடுத்துப் போய்விட்டாள். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிவாசலில் வேறொரு சங்கடம். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஒளுச் செய்யும் இடத்தில் எனக்குப் பின்னாலிருந்து ஸலாம் சொன்ன ஒரு பெரியவர், நான் பதில் சொல்லவில்லை என்று மனம் வருந்தி, "சர்க்கார் சம்பளம் வாங்குறவருக்கு நம்ம ஸலாம் எதுக்கு" என்று பிறரிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் செய்தி எங்கள் ஹஜ்ரத்தின் காதுக்குப் போயிற்று. அவர் என்னை அழைத்து விசாரித்தார். நிலைமையைச் சொன்னதும், அந்தப் பெரியவரையும் அழைத்து உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பெரியவர் என் கையைப் பற்றிக்கொண்டார். அவருக்கும் வலது காது சரியாகக் கேட்பதில்லை என்பது அன்றுதான் வெளிவந்தது.

ஜும்ஆ நாள்களில் குத்பா எனக்கு ஓர் இரைச்சலாக மட்டும் கேட்டது. கேட்காத குத்பாவுக்கு வந்து உட்காருவதில் என்ன பயன் என்ற எண்ணம் ஷைத்தானின் தூண்டுதலாக எழும். அதைப் பற்றி ஹஜ்ரத்திடம் கேட்டேன். இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ள ஒரு செய்தியை அவர் எடுத்துச் சொன்னார். உஸ்மான் (ரலி) அவர்கள் தம் குத்பாக்களில் ஒரு விஷயத்தைத் தவறாமல் நினைவூட்டுவார்களாம்: இமாம் எழுந்து நின்றால் மௌனமாகச் செவிசாய்க்க வேண்டும், சொல் காதில் விழாத நிலையிலும் செவிசாய்த்து இருப்பவருக்கு, காதில் விழுந்து செவிசாய்ப்பவருக்குரிய அதே பங்கு உண்டு என்பது அதன் கருத்து. கேட்பது காதின் வேலை. செவிசாய்ப்பது உள்ளத்தின் வேலை. இரண்டையும் பிரித்துக் காட்டிய அந்தச் சொல் எனக்குப் பெரும் ஆறுதலாயிற்று.

ஆனால் ஹஜ்ரத் அத்தோடு நிறுத்தவில்லை. "பங்கு உண்டு என்பதற்காக வைத்தியம் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். நோயைத் தந்தவன் அதற்கு மருந்தையும் தந்திருக்கிறான், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கிராமவாசிகளுக்கு வழிகாட்டியிருக்கிறார்கள்" என்றார்.

மருத்துவத்தின் பாதை

முதலில் சென்ற ஒரு மருத்துவமனையில் காதில் விடும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அடுத்த ஓரிடத்தில் குறும்பியை எடுத்தார்கள். சில நாள் தேவலை என்று இருந்தது. பிறகு பழையபடியே ஆயிற்று. வீட்டில் என் அம்மா பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தார். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் காதுக்குள் எதையும் ஊற்றக் கூடாது என்று சொல்லி, அந்த எண்ணெயைத் தலைக்குத் தேய்த்துக்கொண்டேன். அம்மாவின் அன்பும் வீண்போகவில்லை, காதும் தப்பியது.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் பெரிய சிகிச்சை என்றால் விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம், அல்லது சேலம், அல்லது புதுச்சேரி ஜிப்மர் என்று அலைய வேண்டும். ஒருநாள் விடுப்பும் ஒருநாள் பயணமும் அதிலேயே கழியும். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் கள்ளக்குறிச்சியும் ஒன்று. ஊருக்கு அருகிலேயே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கும் வாய்ப்பு அதனால் அமைந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அங்கிருந்த மருத்துவர் காதைப் பார்ப்பதற்கு முன்பே மூக்கைப் பற்றித்தான் கேட்டார். காலையில் தும்மல் வருகிறதா? மூக்கில் அரிப்பு உண்டா? ஒருபுறம் மாறி ஒருபுறம் அடைக்கிறதா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றேன். பிறகு காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தார். இசைக்கவையைத் தட்டி நெற்றியிலும் காதின் பின்புறத்திலும் வைத்துச் சோதித்தார். நடுச்செவியின் அழுத்தத்தை அளக்கும் சோதனையும், கேள்திறன் சோதனையும் நடந்தன. முடிவு இதுதான்: நரம்பில் பழுதில்லை; செவிப்பறையில் ஓட்டையில்லை; ஆனால் பறை உள்வாங்கியிருக்கிறது, அதன் பின்னே சிறிது நீர் தேங்கியிருக்கிறது. மூல காரணம் மூக்கின் ஒவ்வாமை. புழுதியும் பனியும் மாறி மாறிப் படும் பயணத்தில் மூக்கின் உட்புறச் சவ்வு வீங்கி, குழலின் வாயை அடைக்கிறது. வாசல் மூக்கில் இருக்க, நாங்கள் இத்தனை நாள் காதிலேயே சாவி தேடிக்கொண்டிருந்தோம்.

அவர் தந்த சிகிச்சையில் அதிசயம் எதுவுமில்லை. ஒழுங்காகச் செய்ய வேண்டியவை மட்டுமே இருந்தன. பிறருக்கும் பயன்படலாம் என்பதால் அவற்றைச் சொல்கிறேன். ஆயினும் ஒவ்வொருவரும் தம் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

முதலாவது, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டு நான் தயங்கினேன். ஒவ்வாமையால் வரும் மூக்கு வீக்கத்துக்கு இந்த மருந்து மிகச் சிறிய அளவில் மூக்கின் சவ்வில் மட்டும் வேலை செய்வது என்று விளக்கினார். தலையைச் சற்றே முன்னால் குனிந்து, வலக்கையால் இடது மூக்கிலும் இடக்கையால் வலது மூக்கிலும், நடுத்தண்டில் படாமல் வெளிப்புறம் நோக்கி அடிக்க வேண்டும். ஓரிரு நாளில் பலன் தெரியாது; வாரக்கணக்கில் விடாமல் அடிக்க வேண்டும். மூக்கடைப்பை உடனே திறப்பதற்காகக் கடையில் தாமாகவே வாங்கும் சொட்டு மருந்து வேறு; அதை ஐந்து நாளுக்கு மேல் விட்டால், நிறுத்தியதும் அடைப்பு முன்னிலும் மோசமாகத் திரும்பும் என்று எச்சரித்தார்.

இரண்டாவது, உப்பு நீரால் மூக்கைக் கழுவுதல். கொதிக்கவைத்து ஆறவைத்த கால் லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பைக் கரைத்துக் கழுவ வேண்டும். குழாய் நீரையோ போர் நீரையோ காய்ச்சாமல் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஒளுவில் மூக்குக்கு நீர் செலுத்துவது போதாதா என்று கேட்டேன். ஒளு இபாதத், அது தூய்மையும் தருகிறது. உப்பு நீர் கழுவல் மருந்து. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

மூன்றாவது, இறக்கத்துக்கான பயிற்சி. மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்குவது ஒரு முறை. மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக மூச்சை உள்ளே தள்ளுவது இன்னொரு முறை. 1704இல் காதைப் பற்றிய தம் நூலில் இதை விளக்கிய அந்தோனியோ வால்சல்வாவின் பெயரால் அது வழங்குகிறது. மெதுவாக என்பதே முக்கியம். பலங்கொண்டு ஊதினால் உட்செவிக்குக் கேடு வரலாம். சளி பிடித்திருக்கும்போது இரண்டாம் முறையைத் தவிர்க்க வேண்டும். வலி வந்த பிறகு தொடங்குவதைவிட, முதல் கொண்டை ஊசி வளைவிலேயே விழுங்கத் தொடங்கிவிட வேண்டும். இறக்கத்தில் உறங்கக் கூடாது. உறக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடும். கைக்குழந்தையுடன் மலையிறங்கும் தாய்மார்கள் அப்போது பாலூட்டினால் குழந்தையின் காது தானே திறந்துகொள்ளும்.

மேட்டில் ஏறும்போது தக்பீரும் பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்லி வந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உண்டு. அந்தச் சுன்னத்தை இந்தப் பாதையில் கடைப்பிடிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். மாலைப் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து, பத்து முறை ஸுப்ஹானல்லாஹ், ஒருமுறை விழுங்கல், மீண்டும் பத்து. திக்ர் அல்லாஹ்வுக்காக, விழுங்கல் காதுக்காக. இரண்டும் ஒரே இருக்கையில் நடக்கின்றன.

ஆறு வாரத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. மூன்றாம் மாதத்தில் மறுபடி சோதித்தபோது பறை தன் இடத்துக்கு வந்திருந்தது, நீரும் வற்றியிருந்தது. நோய் அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மார்கழிப் பனியில் ஒருசில நாள் அடைக்கிறது. மருந்தைத் தொடர்ந்தால் விலகுகிறது. இப்படி நீங்காதவர்களுக்குச் செவிப்பறையில் நுண்ணிய குழாய் பொருத்துவதும், பலூன் செலுத்திக் குழலை விரிப்பதும் போன்ற சிகிச்சைகள் உள்ளன. எனக்கு அவை தேவைப்படவில்லை.

காத்திருக்கக் கூடாத சில நிலைகள்

காது அடைப்பு பெரும்பாலும் அச்சத்துக்குரியதன்று. ஆனாலும் சில அறிகுறிகளைக் குடும்பத்தில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ, கேட்காமல் போனால் அதை அடைப்பு என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. அது செவி நரம்பின் பாதிப்பாக இருக்கலாம். சில நாள்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் மீட்கும் வாய்ப்பு அதிகம். வளர்ந்தவருக்கு ஒரே காதில் மட்டும் வாரக்கணக்கில் நீர் தேங்கியிருந்தால், மூக்கின் பின்புறத்தில் கட்டி ஏதேனும் உண்டா என்று மருத்துவர் பார்க்க வேண்டியது அவசியம். காதில் சீழ், கடும் தலைசுற்றல், முகம் ஒருபுறம் இழுத்தல் ஆகியவையும் உடனே காட்ட வேண்டியவை. கொண்டை ஊசி, தீக்குச்சி, கோழி இறகு, பட்ஸ் இவை எதுவும் காதுக்குள் போக வேண்டியவை அல்ல. குறும்பி காதின் பகையன்று. அது காதைக் காக்கவே சுரக்கிறது, பெரும்பாலும் தானே வெளியேறிவிடும்.

நோன்புக் காலத்தில் ஒரு கேள்வி எழும். மூக்கு ஸ்பிரேயும் காதுச் சொட்டும் நோன்பை முறிக்குமா? முற்கால மத்ஹபு நூல்களில் காதில் மருந்து விடுவது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1997இல் நிறைவேற்றிய தீர்மானத்தில், தொண்டைக்கு வருவதை விழுங்காமல் தவிர்த்துக்கொண்டால் காதுச் சொட்டும் மூக்குச் சொட்டும் மூக்கு ஸ்பிரேயும் நோன்பை முறிப்பவையல்ல என்று கூறப்பட்டுள்ளது. நான் மருத்துவரிடம் கேட்டு ஸ்பிரேயை ஸஹருக்கு மாற்றிக்கொண்டேன். ஐயத்துக்கே இடமில்லாமல் போயிற்று. நீங்கள் பின்பற்றும் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். நோன்பைக் காரணம் காட்டி மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

கடைசிப் பலகைச் சிறுவன்

என் பள்ளியில் நான்காம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். மலைக்கிராமம் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவன். கடைசியில் அமர்வான். கூப்பிட்டால் எழமாட்டான். சொல்வதை எழுதச் சொன்னால் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்ப்பான். மந்தம் என்று பெயர் ஆகிவிட்டது. என் பார்வைக்கு அவன் மந்தமாகத் தெரியவில்லை. பேசுகிறவர்களின் வாயையே அவன் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏழாண்டுகள் செய்ததும் அதைத்தான்.

ஒருநாள் அவன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லி அழைத்தேன். அசைவில்லை. முன்னால் வந்து அதே குரலில் அழைத்தேன். சிரித்துக்கொண்டு எழுந்தான். அன்றே முதல் பலகைக்கு மாற்றினேன். பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்க வரும் மருத்துவக் குழுவிடம் தனியே சொன்னேன். குழந்தைகளின் பிறவிக் குறைபாடுகளையும் வளர்ச்சிக் குறைகளையும் தொடக்கத்திலேயே கண்டறிவதற்காக 2013இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ் வரும் குழு அது. செவிக் குறையும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் உண்டு. அவர்கள் கீழே அனுப்பிவைத்தார்கள். இரு காதுகளிலும் பறைக்குப் பின்னே பசைபோல் நீர் தேங்கியிருந்தது. குழந்தைகளுக்கு அந்தக் குழல் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால், அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு இது மிகச் சாதாரணம். வலி இராது, காய்ச்சல் இராது. அதனால் யாரும் கவனிப்பதில்லை. மூன்று மாதம் காத்திருந்து பார்க்கலாம், பெரும்பாலும் தானே வடியும் என்றார்கள். வடியாவிட்டால் குழாய் பொருத்தலாம் என்றார்கள். அவனுக்கு வடிந்துவிட்டது. இப்போது அவன் வகுப்பில் பேசுகிற பேச்சை நிறுத்துவதுதான் எங்களுக்கு வேலை.

நம் மக்தபுகளில் ஓதும் பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு பிள்ளை மீண்டும் மீண்டும் ஒரே எழுத்தைத் தவறாக ஓதினால், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாவிட்டால், பிரம்பை எடுப்பதற்கு முன் காதைக் காட்டிவிட்டு வர வேண்டும். உலகில் 43 கோடிக்கும் மேற்பட்டோர் சிகிச்சையோ உதவியோ தேவைப்படும் அளவுக்குக் கேள்திறன் குறைந்தவர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் சிலர் நம் வீட்டிலும் நம் ஸஃப்பிலும் இருக்கக்கூடும்.

நாம் செய்யக்கூடியவை

மருத்துவர் தந்தது பாதி நிவாரணம். மறுபாதியை என் வீட்டார் தந்தார்கள். என் மனைவி அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவதை விட்டுவிட்டு, முன்னே வந்து நின்று பேசத் தொடங்கினார். சொன்னது விளங்காதபோது சத்தத்தைக் கூட்டாமல், அதையே வேறு சொற்களில் சொன்னார். உணவு நேரத்தில் தொலைக்காட்சியை அணைத்தோம். என் மகள் வலப்பக்கம் உட்கார்ந்து ஓதினாள். அந்தக் காது சற்று நன்றாகக் கேட்டது. "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். காது கேளாதவரின் மனத்தை அந்தச் சொல் புண்படுத்துவதுபோல் வேறு எதுவும் புண்படுத்துவதில்லை. பள்ளிவாசலில், ஸலாம் சொல்கிறவர்கள் கையையும் நீட்டினார்கள். இவற்றில் எதற்கும் பணம் செலவாகவில்லை.

குர்ஆனில் அல்-முஜாதலா அத்தியாயம் ஒரு பெண்ணின் முறையீட்டோடு தொடங்குகிறது. தம் கணவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் அந்தப் பெண்மணி முறையிட்டபோது, அதே வீட்டின் ஒரு மூலையில் இருந்த ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அவர் பேச்சில் சில சொற்கள் கேட்கவில்லை. ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் அதைக் கேட்டான். கேட்கும் ஆற்றல் நமக்கு எவ்வளவு எல்லைக்குட்பட்டது என்பதையும், அஸ்ஸமீஉ என்ற திருநாமத்தின் பொருளையும் இந்த நிகழ்ச்சி ஒருசேர உணர்த்துகிறது. நல்ல காது உடையவருக்கும் கேட்காதவை உண்டு. ஆகவே கேளாதவரைக் கண்டு நாம் பொறுமை இழக்க நியாயமில்லை.

உடலுக்கும் செவிக்கும் பார்வைக்கும் நலம் கேட்கும் துஆ ஒன்றைக் காலையும் மாலையும் மும்முறை ஓதுவது நபிவழி. பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுங்கள். அதோடு, இந்த வாரம் உங்கள் வீட்டில் உள்ள பெரியவர்களையும் சிறியவர்களையும் பின்னாலிருந்து ஒருமுறை மெதுவாகக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பாதவர் எவரேனும் இருந்தால் அவரோடு கூடவே மருத்துவரிடம் செல்லுங்கள். தனியே அனுப்ப வேண்டாம். மருத்துவர் சொல்வதில் பாதி அவருக்குக் கேட்காது.

யா அல்லாஹ்! எங்கள் செவிகளில் நலத்தைத் தருவாயாக. அடைபட்டவற்றைத் திறந்துவைப்பாயாக. ஒருவர் சொல்லை ஒருவர் பொறுமையோடு கேட்கும் உள்ளங்களை எங்கள் இல்லங்களில் ஆக்குவாயாக. ஆமீன்.